நீக்கப்பட்ட பின்னேரங்கள்

இராமநாதபுரம்
12 மே 2025

அளவீட்டுப் பிரிவுப் பொறுப்பாளர் பிரசாந்தி குணரத்தினம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் 2019 பிப்ரவரி முதல் 2020 பிப்ரவரி வரை வேலை பார்த்தேன். நியூ லின் கிடங்குக் கூரையில் வைத்திருந்த வெயில் அளக்கும் கருவிக்குப் பிற்பகல் பொறுப்பு என்னுடையது. காலைப் பொறுப்பு யாருடையது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆக்லாந்தில் வேறொரு நிறுவனம் இப்போது எனக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. விசாவுக்கு முந்தைய வேலையைப் பற்றிய கடிதம் கேட்கிறார்கள். கையெழுத்திட்ட அசல், ஆகஸ்ட் முடிவதற்குள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், இவை போதும். என் வேலையின் தரத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். அதை உங்கள் நிறுவனம் அப்போதே எழுதிவிட்டது: ‘பிற்பகல் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல, கருவியின் கண்ணாடி ஒழுங்காகத் துடைக்கப்படவில்லை.’ ஐந்து வருடமாக எனக்கு மனப்பாடம்.

அந்த வரியோடு வேலை போயிற்று, வேலையோடு விசா போயிற்று. மார்ச் பதினேழு விமானம் ஏறினேன். பத்தொன்பதாம் தேதி கொரோனாவுக்காக நாட்டின் கதவையே மூடிவிட்டார்கள்.

பழைய போன் எண் இப்போது இல்லை. தபாலில் அனுப்பினால் போதும். நலம் விசாரிக்கவில்லை, தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வைஷாலி


ஏவன்டேல்
2 ஜூன் 2025

வைஷாலி,

உறையில் உம்முடைய கையெழுத்தைப் பார்த்ததும் அலுவலகத்தில் பிரிக்க மனம் வரவில்லை. பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். ஏவன்டேல் நிலையத்தில் இறங்கி, மழைக்கு ஒதுங்கி நின்றுதான் வாசித்தேன். நீர் என்னை ‘நீங்கள்’ என்று எழுதியது இதுதான் முதல் தடவை.

நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். கீழே வீட்டுக்காரி பிரேம்வதி அன்ரி, மேலே நான். உமது பழைய அறையில் என் புத்தகங்கள் ஏறிவிட்டன. அன்ரியின் குடும்பம் ஃபிஜிக்குப் போய் நாலு தலைமுறையாகிறது, அவருக்கு மிஞ்சியிருப்பது ஐந்தாறு தமிழ்ச் சொற்கள். உம்மைப் பற்றிக் கேட்கும்போது அவ்வளவையும் செலவழித்துவிடுவார்.

அந்த ஒரு வருடத்தை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் வானத்தைப் பார்க்க முடிந்ததில்லை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மேகம் என்று எண்ணி எழுத வேண்டும். கருவி தன்பாட்டில் நிமிடத்துக்கு ஒரு எண் பதியும். இந்த மேகத்துக்கு இவ்வளவு வெளிச்சம் என்று கொம்பனி கற்றுக்கொள்ளும், பிறகு எந்தக் கூரையில் எவ்வளவு சூரிய மின்சாரம் கிடைக்கும் என்று ஆக்லாந்து முழுக்கக் கணக்குச் சொல்லும். நான் காலையில் ‘ஐந்து’ என்று எழுதுவேன். நீர் பின்னேரம் ‘ஐந்து’ என்று எழுதி, பக்கத்தில் ‘அரிசி களைந்த தண்ணீர்’ என்றும் எழுதுவீர். சூரியன் தெரிகிறது, ஆனால் நிழல் விழவில்லை என்பது அதன் பொருள். நாள் முழுக்க அசையாத சாம்பல் மேகத்துக்கு ‘இட்லித் துணி’. என்னுடைய ஐந்தும் உம்முடைய ஐந்தும் ஒன்றல்ல என்று கருவியே சொல்லும். ஒரே ஐந்து பங்கு மேகம், ஒரு நாளில் வெளிச்சத்தில் காற்பங்கு போகும், இன்னொரு நாளில் முக்காற்பங்கும் போய்விடும்.

இப்போது ஒரு செய்தி சொல்ல வேண்டும். மார்ச் மாதம் ரானுயியில் ஒரு சமூக மண்டபத்தின் கூரையில் நாங்கள் பூட்டிய சூரிய மின் தொகுதி திரும்பத் திரும்ப அணைந்தது. மழை நாளில் அல்ல, கொளுத்தும் வெயிலிலும் அல்ல. மழை விட்டு மேகம் கிழிந்து ஓடும் பின்னேரங்களில் மட்டும். எங்கள் தொழில்நுட்பவியலாளர் சோதிலிங்கம் அண்ணையோடு நானும் ஏணியில் ஏறினேன். அவர் சின்னக் கருவியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்ச வந்து பாரும். மீற்றர் பொய் சொல்லேல்லை. மழை விட்ட கையோடதான் இது எகிறுது.”

சதுர மீற்றருக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பது வாட். ஒரு மேகமும் இல்லாத உச்சி வெயிலில்கூட இந்த ஊரில் ஆயிரத்து நூறைத் தாண்டுவது அரிது. காற்று மண்டலத்துக்கு வெளியே, ஒரு தடையும் இல்லாத இடத்தில் கிடைப்பதே ஆயிரத்து முந்நூற்று அறுபதுதான். மழை தூசியைக் கழுவிய காற்று. மேகங்களுக்கு நடுவே ஒரு இடைவெளியில் சூரியன். சுற்றி நின்ற வெள்ளை மேகங்களின் ஓரங்கள் எல்லாம் தங்கள் பங்கு வெளிச்சத்தையும் அந்தக் கூரைமேல் எறிந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிடம் இருந்தது, பிறகு போய்விட்டது. எங்கள் கணக்கில் இல்லாத அந்த வெளிச்சத்தைத் தாங்க முடியாமல்தான் தொகுதி அணைந்திருக்கிறது.

உம்முடைய பின்னேரங்களில் இப்படிப்பட்ட நிமிடங்கள் இருநூற்றுப் பதினான்கு இருந்தன. ‘இருக்க முடியாத எண்கள்’ என்று அவற்றை நீக்கியது நான். கண்ணாடியில் அழுக்கு என்று எழுதியதும் நான். துடைக்காத கண்ணாடியில் நிற்கும் மழைத்துளி வெளிச்சத்தைக் குவிக்கிறது, அதனால் கருவி பிழையாகக் கூட்டிக் காட்டுகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன், வைஷாலி. மன்னியும்.

மூன்று விவரத்தோடு வெறுங்கடிதம் எழுதித் தர மாட்டேன். அந்த வரி பிழை என்றும் சேர்த்து எழுதுவேன். மேலாளரின் அனுமதி வேண்டும், கொஞ்சம் நாளாகும்.

பிரசாந்தி


இராமநாதபுரம்
24 ஜூன் 2025

ஏய் பிரசா,

இன்னமும் இந்த ‘நீரை’ விடவில்லையா நீ? ராஜா மந்திரியைக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது என்று முதல் நாளே சொன்னேன். கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் பேனல் வரிசைக்கு நடுவில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கூட வேலை பார்க்கிற கௌரி, வெயில் தலைக்கேறிவிட்டது என்று பயந்து மோர் கொண்டுவந்தாள்.

நீ தெரியாமல் செய்தாய். இந்த இரண்டு வார்த்தை ஐந்து வருடம் முன்னாலேயே வந்திருந்தால் எவ்வளவு தூக்கம் மிச்சமாகியிருக்கும். மதுரைக்கு அம்மாவிடம் போன் போட்டு, “பிரசா வேணும்னு செய்யலம்மா, அவளுக்கும் தெரியாதாம்” என்று சொன்னேன். அம்மா, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றாள். அவள் அப்போது சொன்னது வேறு. அதை விடு. உன்னைத் தப்பாக நினைத்ததற்கு நான்தான் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

இங்கே நான் ஒரு பெரிய சூரிய மின் நிலையத்தில் மேற்பார்வையாளர். கண்ணுக்கெட்டிய தூரம் பேனல்தான். வானம் காலி. மேகம் வந்தால் ஆட்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். எடுத்துக்கொள் என்கிற மாதிரி வெயில். ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், உங்கள் ஊர் நீலம் இங்கே இல்லை. வானம் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். தூசியும் கடல் ஈரமும் சேர்ந்து வெளிச்சத்தை வரும் வழியிலேயே கலைத்துவிடுகின்றன. மிச்சம் வருவதன்மேல் செம்மண் படிகிறது. இரண்டு வாரம் துடைக்காமல் விட்டால் எண் இறங்குவது தெரியும். அதோடு சூடு. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. மத்தியானம் ஒரு மணிக்கு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது, அது சுணங்கி வேலை செய்யும். மனுஷர்களைப் போலத்தான். கண்ணாடியைத் துடைக்காதவள் என்று எழுதப்பட்டவளுக்கு, பேனலைத் துடைக்கிறவர்களை மேய்க்கிற வேலை கிடைத்தது பார்.

அந்த ஆரஞ்சு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? 2020 ஜனவரி ஐந்து. சந்தையில் கீரை வாங்கி, ரொட்டியும் கட்டிக்கொண்டு நீயும் என்னோடு கூரைக்கு வந்தாய். இரண்டு மணிக்கு மேல் வானம் மஞ்சளாகி, மஞ்சள் செம்மஞ்சளாகி, தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. ஆஸ்திரேலியக் காட்டுத் தீயின் புகை கடலைத் தாண்டி வந்திருந்தது. பறவைகள் அடங்கிவிட்டன. நீ கருவியைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாய். எட்டில் எத்தனை பங்கு என்று எழுதுவது என்று நான் கேட்டேன், மேகமே இல்லையே. “புகைக்கு எண் இல்லை, பேர் மட்டும் எழுதும்” என்றாய். நான் ‘ரசம்’ என்று எழுதினேன். பிரேம்வதி ஆன்ட்டி போன் போட்டு, உலகம் முடிவதாக இருந்தால் அவரவர் வீட்டில் இருப்பதுதான் மரியாதை என்று திட்டினார்.

வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த வருடம் அது என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு கிடங்கின் தகரக் கூரை, மேகம் எண்ணுகிற வேலை, வாடகைக்கு ஒரு அறை. இதில் என்ன இருக்கிறது என்பார்கள்.

கடிதத்தை நிதானமாக அனுப்பு. ஆகஸ்ட் முடிவுதானே கெடு. முன்னால் இருந்த வீட்டிலேயே இடம் இருக்குமா என்று ஆன்ட்டியைக் கேள். புத்தகத்தை எல்லாம் நான் நகர்த்திக்கொள்கிறேன்.

உன்
வைஷாலி


ஏவன்டேல்
14 ஜூலை 2025

வைஷாலி,

உமது கடிதத்தை நான்கு நாள் மேசையில் வைத்திருந்தேன். ‘உன்’ என்று எழுதி நீர் வைத்த கையெழுத்தைப் பார்க்கப் பார்க்க, இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்றே தோன்றியது. நீர் வருவீர், அறையை ஒழித்துத் தருவேன், ஒன்றும் தெரியாமலே நாங்கள் இரண்டு பேரும் கிழவிகளாகலாம். ஆனால் நீர் அம்மாவுக்கும் சொல்லிவிட்டீர். நான் சொன்ன பொய் இப்போது மதுரையில் ஒரு வயதான மனிசியின் மனதிலும் போய் இருந்துவிட்டது.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினேன். அது உண்மை அல்ல.

2019 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலை முழுக்க மழை. நான் இறங்கிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. நீர் வந்ததும், கை ஈரமாக இருக்கிறது, கண்ணாடியைத் துடைத்துவிடு என்றீர். காய்ச்சி வடித்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தது நான். கருவிக்குப் பக்கத்துத் தாளில் ‘துடைத்தது’ என்ற இடத்தில் ‘பி’ என்று எழுதியதும் நான். பத்து நிமிடத்தில் மேகம் விலகியது. முகத்தில் வெளிச்சம் கூடுவதை என் தோலிலேயே உணர்ந்தேன். நீர் எண்ணைப் பார்த்து, “பிரசா, பாரேன், வானத்துக்கு மேல இருக்கிறதைவிட இங்க கூட இருக்கு” என்றீர். அந்தப் பின்னேரம் மட்டும் ஒன்பது தடவை எகிறியது. ஒன்பதும் நான் நீக்கியவற்றில் இருக்கின்றன.

கண்ணாடி சுத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். கருவி பொய் சொல்லவில்லை என்றும் தெரியும். அது ஏன் அப்படிக் காட்டியது என்பதுதான் அன்றைக்குத் தெரியாது. ஜூனில் உமக்கு எழுதியபோது இந்தச் சின்னத் தெரியாமையை எடுத்துப் பெரிய தெரியாமையாகக் காட்டினேன்.

ஏன் என்று கேட்பீர். இரண்டு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஆனால் வேலைக்காக என்று எழுதினாலும் அது பாதிதான் உண்மை. ஒன்பது வயதில் அகதியாக வந்து இந்த ஊர்க்காரியாகிவிட்டவள் நான். எனக்கு வேலை போனால் இன்னொரு வேலை. உமக்கு நாடே போகும். அது தெரிந்துதான் எழுதினேன். ஜனவரி கடைசியில் மேலாளர் உமது குறிப்புப் புத்தகத்தை மொழிபெயர்க்கச் சொல்லி, கூட்டத்தில் எல்லாருக்கும் வாசிக்க வைத்தார். அரிசி களைந்த தண்ணீருக்கு எல்லாரும் சிரித்து, பிறகு அந்தப் பெயருக்கும் கருவியின் எண்ணுக்கும் இருந்த பொருத்தத்தைப் பார்த்து வியந்தார்கள். அதை மொழிபெயர்த்து வாசித்தது நான். எவ்வளவோ புத்தகம் படித்தவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம். ஒரு வருடம் அதே வானத்தின் கீழே நின்று நான் எழுதியது எல்லாம் எண் மட்டும்.

அன்றிரவே என்றில்லை; ஒரு வாரம் யோசித்து, பகல் வெளிச்சத்தில், அலுவலக மேசையில் இருந்துதான் அந்த வரியை எழுதினேன். துடைத்த தாளையும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை. நல்ல மனதால் அல்ல, பயத்தால்.

தாளின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அசலை மேலாளரிடம் கொடுக்கப் போகிறேன். அன்ரியிடம் அறை கேட்கவில்லை. நீர் இதை வாசித்த பிறகும் கேட்கச் சொன்னால் கேட்கிறேன்.

பிரசாந்தி


ஏவன்டேல்
11 ஆகஸ்ட் 2025

வைஷாலி,

பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் கெடு நெருங்குகிறது, அதனால் காத்திருக்காமல் அனுப்புகிறேன்.

தாளைப் பார்த்ததும் மேலாளர் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. நெடுநேரம் கதைத்தார். கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு மாற்றம்: ‘அறியாமல் நேர்ந்த தவறு’ என்று எழுதலாம், அப்படியென்றால் எல்லாருக்கும் சுலபம். அதே சொல்லை நான் உமக்கு முதலே எழுதியிருந்தேன் அல்லவா. முடியாது என்றேன். யோசிக்க இரண்டு நாள் கேட்டவர், முதல் நாள் மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதோடு இருக்கும் கடிதத்தில் நீர் கேட்ட மூன்று விவரமும் இருக்கின்றன. அதற்குக் கீழே இது: ‘2020 அறிக்கையில் பிற்பகல் பதிவுகளைப் பற்றி எழுதப்பட்ட வரி உண்மையல்ல. எழுதியவருக்கு அது எழுதும்போதே தெரியும். பதிவாளர் வைஷாலியின் வேலை ஒழுங்காகவும் கவனமாகவும் இருந்தது.’ கீழே என் கையெழுத்தும் அவருடையதும்.

அளவீட்டுப் பிரிவு இனி என் பொறுப்பில் இல்லை. பழைய கணக்கை நம்பிப் பூட்டிய கூரைகளைத் திரும்பப் பார்க்கும் வேலையைத் தந்திருக்கிறார்கள். சோதிலிங்கம் அண்ணையோடு ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறேன். ஏன் என்று அவர் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். ஏணியைப் பிடித்தபடி, “அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டீரோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பிறகு அவர் ஏணியில் ஏறத் தொடங்கினார்.

குளிர்காலம் முடியவில்லை. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

பிரசாந்தி


இராமநாதபுரம்
2 செப்டம்பர் 2025

பிரசாந்தி,

ஜூலைக் கடிதத்தை மூன்று நாளாகப் பிரித்துப் படித்தேன். முதல் நாள் ‘அது உண்மை அல்ல’ வரைக்கும். அதற்கு மேல் போக முடியவில்லை. கௌரி என்ன ஏது என்று கேட்டாள், சொல்லவில்லை. அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. உன்னை அவளிடம் இரண்டாவது தடவையும் கெட்டவளாக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காகவும் உன்மேல்தான் கோபம்.

ஜூனில் நான் உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்டேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதலில் அதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து வருடத்தில் நான் என்ன ஆனேன் தெரியுமா? ஒரு எண் கொஞ்சம் அதிகமாக வந்தால் என்னையே சந்தேகப்படுகிறவளாக ஆனேன். இங்கே ஆட்கள் துடைத்துவிட்டுப் போன பேனலை, யாரும் பார்க்காதபோது, முந்தானையால் இன்னொரு தடவை துடைத்திருக்கிறேன். துடைக்கிறவர்களை மேய்க்கிற வேலை என்று சிரித்துக்கொண்டே உனக்கு எழுதினேன். அது சிரிப்பு இல்லை.

பொறாமையால் செய்தேன் என்கிறாய். பைத்தியம். நான் அந்தப் பேர்களை எழுதியது நீ படிப்பாய் என்றுதான். மத்தியானம் நான் வந்தபின் முந்தின நாள் பக்கத்தை நீ திருப்பும்போது உன் உதடு ஒரு பக்கமாக இழுக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு சாயங்காலமும் யோசித்து யோசித்து எழுதினேன். மேலாளருக்காகவா எழுதினேன்?

உங்கள் நிறுவனத்தின் கடிதம் ஆகஸ்ட் இருபத்தியாறு வந்து சேர்ந்தது. அன்றைக்கே ஸ்கேன் செய்து விசாவுக்கும் புது நிறுவனத்துக்கும் அனுப்பினேன். அசல், கேட்டால் காட்ட, கையில் இருக்கிறது. புது நிறுவனத்து ஆள் அதைப் படித்துவிட்டு, இப்படி ஒரு கடிதத்தைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். வேலை உறுதி. விசாவும் வந்துவிடும் என்கிறார்கள். வந்தால், நவம்பரில் வருவேன். விமான நிலையத்துக்கு வராதே. ஆன்ட்டியிடம் அறையும் கேட்காதே. ரானுயியில் ஒரு அறை பார்த்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியுமா என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. எழுதினால் இருக்கிறதை நீக்கிவிட்டு ஒழுங்காகக் காட்டுகிற வேலையாகிவிடும். அதை நீ ஏற்கெனவே ஒரு தடவை செய்துவிட்டாய்.

ஆனால் அந்த இருநூற்றுப் பதினான்கும் திரும்பி வர வேண்டும். மூலக் கோப்பு உன்னிடம் இருக்கிறது, கிளம்பும்போது நான் எடுத்துவந்த மேகக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. ஒன்றில்லாமல் மற்றது உதவாது. எந்த நிமிடத்தில் எந்த மேகம் எங்கே நின்றது என்று பக்கத்தில் எழுதினால்தான் யாரும் நம்புவார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது வரி பார்க்கலாம், அதற்கு மேல் கண் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வருவேன், நான் சொல்லச் சொல்ல நீ எழுத வேண்டும். வேறு பேச்சு வேண்டாம். டீ மட்டும் போடு.

நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆகும். ஒரு பதினான்கு வரி மிச்சம் நிற்கும். அதை எப்போது முடிப்பது என்று இப்போதே கேட்காதே.

வைஷாலி